எழுத்துக்கு முன் எண்ணம்

தீக்குச்சிகளை அடுக்கி ஓர் ஏணி செய்வதாகக் கொள்ளலாம். படி ஒன்றுக்குக் குறுக்கே ஒரு குச்சி. ஏணியின் இரு கால்களும் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடுத்து அமைத்தவை. முதற்படிக்குக் கீழேயும் கடைசிப் படிக்கு மேலேயும் பக்கத்துக்கு ஒரு குச்சி நீண்டிருக்கும். இவ்வாறு செய்தால் 2 படிகள் கொண்ட ஏணிக்கு 8 குச்சிகள் தேவை. 3 படிகள் கொண்ட ஏணிக்கு 11 குச்சிகள் தேவை. 20 படிகள் கொண்ட ஏணிக்கு எத்தனை குச்சிகள் வேண்டும்? 1000 படிகள் என்றால் எத்தனை?

ஆஸ்திரேலியக் கணிதக் கல்வி ஆய்வாளர் கே ஸ்டேசி, ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள மாணவர்களிடம் இத்தகைய வினாக்களைக் கேட்டார். அவர்கள் விடை தேடிய வழிகளை ஆராய்ந்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிறுவர் விளையாட்டைப் போலத் தோன்றும் இவ்வினாவில்தான் இயற்கணிதம் பிறக்கிறது. கண்ணுக்கு எதிரே உள்ள இரண்டு மூன்று ஏணிகளைக் கொண்டு, இதுவரை எவரும் செய்யாத ஏணிகள் அனைத்துக்கும் பொருந்தும் விதியைக் காண்பதே பொதுமைப்படுத்தல். இயற்கணிதத்தின் உயிர் அதுவே. எக்ஸ் முதலிய எழுத்துகள் அவ்வுயிர் பின்னர் அணிந்துகொள்ளும் உடை.

பள்ளிகளிலோ பல நேரங்களில் உடை முதலில் வந்துவிடுகிறது. மேல்நிலைக் கல்வியில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது ‘கணக்கு எனக்கு வராது’ என்று ஒதுங்கும் மாணவர் பலர். அம்முடிவு அன்றைக்கு எடுத்த முடிவாகத் தோன்றும். ஆனால், அவர்களுள் பலர் கணக்கிலிருந்து விலகத் தொடங்கியது அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், எண்களுக்கு நடுவே எழுத்து ஒன்று விளக்கமின்றி வந்து அமர்ந்தபோது என்று கருத இடமுண்டு. பொதுமையைக் காணும் ஆற்றலும் அதனைச் சொல்லும் மொழியும் குழந்தைகளிடம் முன்பே உள்ளன. அவற்றைப் பேசவிட்ட பிறகே குறியீட்டை அறிமுகம் செய்ய வேண்டும். இவ்வரிசை மாறும்போது இழப்பு நேர்வது கணக்குப் பாடத்திற்கு மட்டுமன்று; அம்மாணவர் செல்லக்கூடிய வழிகளும் குறைந்துபோகின்றன.

விடைக்குச் செல்லும் வழிகள்

20 படி ஏணிக்கு விடை காண மாணவர் பல வழிகளில் முயல்வர். சிலர் ஏணியை முழுமையாக வரைந்து குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணுவர். விடை 62 என்று கிடைக்கும். வேறு சிலர், படி ஒன்று கூடினால் குச்சி மூன்று கூடுகிறது என்பதைக் கண்டு 11, 14, 17 என மூன்று மூன்றாகக் கூட்டிச் செல்வர். பதினேழு முறை கூட்டினால் அவர்களும் 62ஐ அடைவர். இவ்விரு வழிகளும் பிழையற்றவை. எனினும், 1000 படிகள் என்றதும் இரண்டும் தளர்ந்துவிடும்.

இன்னும் சிலர், ‘2 படிகளுக்கு 8 குச்சிகள், 20 என்பது 2இன் பத்து மடங்கு, ஆகவே 80 குச்சிகள்’ என்பர். மற்றும் சிலர், ‘ஒரு படிக்கு மூன்று குச்சிகள், ஆகவே 60’ என்பர். இவ்விரு விடைகளும் தவறானவை. அமைப்பை உற்றுநோக்குவோரே, ‘படிக்கு மூன்று வீதம், மேலே இரண்டு கூடுதல்’ என்று கண்டு 62 என்றும், 1000 படிகளுக்கு 3002 என்றும் சொல்வர்.

ஒரே மாணவர் எளிய வினாவுக்கு ஒரு வழியையும் கடினமான வினாவுக்கு வேறொரு வழியையும் கையாள்வதை ஸ்டேசி கண்டார். அருகிலுள்ள ஏணிக்கு மூன்று மூன்றாகக் கூட்டிச் சரியான விடை சொன்னவரே, தொலைவிலுள்ள ஏணிக்கு மடங்கு கணக்கைப் பிடித்துக்கொள்ள நேர்கிறது. கிடைத்த தொடர்பு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் பழக்கம் பலரிடம் இல்லை. எண் பெரிதாகும்போது எளிதில் கிட்டும் வழியை மனம் பற்றிக்கொள்கிறது.

80 என்ற விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால், அவ்விடைக்குள் ஒரு நல்ல சிந்தனை மறைந்திருக்கிறது. 2 படி ஏணிகள் பத்தினை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தால் 20 படி ஏணி உருவாகும் என்பது உண்மையே. இணைக்கும் இடத்தில் மேலேணியின் கீழ்முனையும் கீழேணியின் மேல்முனையும் ஒன்றின்மீது ஒன்று படிகின்றன. பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு குச்சிகள் மிகுந்துபோகின்றன. பத்து ஏணிகளுக்கு ஒன்பது இணைப்புகள். ஆகவே மிகுவன பதினெட்டு. 80இலிருந்து 18ஐக் கழித்தால் 62 வந்துவிடுகிறது. தவறு என்று தள்ளப்பட்ட விடை, சரியான விடையின் வாயிலில்தான் நின்றுகொண்டிருந்தது. ‘ஏன் 80 என்றாய்?’ என்ற ஒரு கேள்வி அம்மாணவரை உள்ளே அழைத்து வந்திருக்கும்.

அடுத்ததும் எப்போதும்

எண் வரிசையைக் காணும் பார்வை இருவகைப்படும். முதலாவது, ‘அடுத்தது என்ன?’ என்று கேட்கும் பார்வை. 8, 11, 14 என்ற வரிசையில் இப்பார்வை எண்ணிலிருந்து எண்ணுக்குத் தாவிச் செல்கிறது. இரண்டாவது, ‘எத்தனையாவது ஏணியாயினும் என்ன?’ என்று கேட்கும் பார்வை. இப்பார்வை படியின் எண்ணிக்கைக்கும் குச்சியின் எண்ணிக்கைக்கும் இடையேயுள்ள உறவைத் தேடுகிறது. முன்னது படிப்படியாக ஏறுவது. பின்னது எந்தப் படிக்கும் நேராகச் சென்று நிற்பது.

குழந்தைகளுக்கு முதற்பார்வை இயல்பாக வருகிறது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் பயிற்சிகள் பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது எண்ணோடு நின்றுவிடுகின்றன. அடுத்த எண்ணைக் கூட்டி எழுதியவுடன் மதிப்பெண் கிடைத்துவிடுவதால், உறவைத் தேட வேண்டிய தேவையே மாணவருக்கு எழுவதில்லை. ஆறாவது எண்ணைக் கேட்பதற்கு மாறாக நூறாவது எண்ணைக் கேட்டால் நிலைமை மாறும். நூறு முறை கூட்டிப் பார்க்க எவருக்கும் பொறுமை இராது. அந்தச் சலிப்பே வேறு வழியைத் தேடத் தூண்டும்.

அவ்வாறு தேடுவோர் எண்களை விட்டு மீண்டும் ஏணியிடமே திரும்ப வேண்டும். ஒருவர் ஏணியைப் பார்த்து, ‘படி ஒவ்வொன்றும் தன்னுடன் கால்களுக்கு இரண்டு குச்சிகளை எடுத்து வருகிறது, உச்சியில் மட்டும் இரண்டு மிகுதி’ என்பார். மற்றொருவர், ‘குறுக்கே படிகளின் எண்ணிக்கை அளவு குச்சிகள், பக்கவாட்டில் அதனினும் ஒன்று கூடுதலாக, இரு புறமும்’ என்பார். முதலாமவர் கணக்கில் 20 படிகளுக்கு மூன்று இருபதுகளும் இரண்டும். இரண்டாமவர் கணக்கில் 20உம் இரண்டு 21களும். இருவருக்கும் 62தான். பார்வை இரண்டாயினும் ஏணி ஒன்றே என்பதால் இரு விதிகளும் சமமாகத்தான் இருக்க வேண்டும். பின்னாளில் ‘சுருக்குக’ என்று தரப்படும் கணக்குகளின் பொருள் இதுவே. அப்பொருள் தெரியாதவருக்கு அக்கணக்குகள் காரணமில்லாத கட்டளைகளாகவே தோன்றும்.

‘எத்தனையோ அத்தனை’

பொதுமைப்படுத்தல் குழந்தைக்குப் புதிய செயலன்று. மரம் மரங்கள் ஆகிறது. படம் படங்கள் ஆகிறது. குளம் குளங்கள் ஆகிறது. இவற்றைக் கேட்டு வளரும் தமிழ்க் குழந்தையிடம் ‘பிசலம்’ என்று பொருளற்ற ஒரு சொல்லைக் கொடுத்து, ‘ஒன்று பிசலம், பல இருந்தால்?’ என்று கேட்டால், ‘பிசலங்கள்’ என்று தயங்காமல் சொல்லும். அச்சொல்லை அக்குழந்தை அதற்கு முன் கேட்டதில்லை. புணர்ச்சி விதி எதையும் படித்ததுமில்லை. கேட்ட சொற்களிலிருந்து கேளாத சொற்களுக்கும் பொருந்தும் ஒழுங்கை அதன் மனம் தானே கண்டுகொண்டுள்ளது. மொழியைக் கற்றுக்கொள்ளும் எக்குழந்தையும் பொதுவிதி காணும் ஆற்றலோடுதான் பள்ளிக்கு வருகிறது.

எண்ணைப் பற்றிய பொதுவிதிகளும் பேச்சில் இயல்பாக வழங்குகின்றன. ‘தலைக்கு ஓர் ஆழாக்கு அரிசி போடு, மேலே ஓர் ஆழாக்கு சேர்த்துப் போடு’ என்று ஒரு வீட்டில் சொன்னால், அது ஐவருக்கும் பொருந்தும், ஐம்பது பேருக்கும் பொருந்தும். எத்தனை பேர் என்பது அறியப்படாதபோதே விதி முழுமையாக உள்ளது. அடுப்படியில் வழங்கும் அச்சொற்றொடரை ஓர் இயற்கணிதக் கோவை எனலாம்.

‘எத்தனை பேரோ அத்தனை இலை’ என்னும் தொடரமைப்பு தமிழில் மிக இயல்பானது. ‘எத்தனை’ என்பது மாறக்கூடிய ஓர் எண்ணைச் சுட்டுகிறது. ‘அத்தனை’ என்பது அதே எண்ணை மீண்டும் குறிக்கிறது. இவ்விரு சொற்களும் சேர்ந்து, இயற்கணிதத்தில் ‘மாறி’ ஆற்றும் பணியைச் செய்துவிடுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், தம் பீசகணிதத்தில் அறியப்படாத முதல் எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்னும் பெயரை வழங்கினார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அவ்வடசொல்லின் பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட அறியா எண்கள் வரும்போது கருமை, நீலம், மஞ்சள், சிவப்பு என நிறங்களின் பெயர்களை அவர் பயன்படுத்தினார். அன்றாடப் பேச்சில் வழங்கும் தொடரமைப்பே கணிதத்தின் கலைச்சொல்லாக உயர்ந்துள்ளது.

ஆகவே, ‘எத்தனை படியோ அதன் மும்மடங்கும், மேலே இரண்டும்’ என்று ஏணியைப் பற்றி ஒரு மாணவி கூறினால், அவள் இயற்கணிதத்தின் வாயிலில் காத்திருக்கவில்லை; உள்ளே வந்துவிட்டாள். ‘எழுத்தில் சொல்’ என்று அவ்விடையை ஏற்க மறுப்பது, வந்தவளை வெளியே அனுப்புவதாகும்.

கோலத்தின் கணக்கு

தமிழ்நாட்டு வாசல்களில் இடப்படும் புள்ளிக் கோலங்கள் பொதுவிதி காண்பதற்கு ஏற்ற களமாகும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து இடும் கோலத்தை எடுத்துக்கொள்ளலாம். நடுவரிசையில் 7 புள்ளிகள். மொத்தம் எத்தனை? கூட்டினால் 25 வரும். நடுவரிசை 5 ஆனால் 13. நடுவரிசை 3 ஆனால் 5. நடுவரிசை 21 ஆனால்?

கூட்டிக்கொண்டே போகலாம், கோலத்தை உற்றும் பார்க்கலாம். மேலிருந்து நடுவரிசை வரை 1, 3, 5, 7. இவற்றின் கூடுதல் 16. அதாவது நான்கு நான்கு. நடுவரிசைக்குக் கீழே 5, 3, 1. இவற்றின் கூடுதல் 9, அதாவது மும்மூன்று. ஒன்றிலிருந்து தொடங்கும் ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே கிடைக்கிறது. அதற்குக் காரணமும் புள்ளிகளிலேயே உண்டு. மூன்றுக்கு மூன்றாக அமைந்த சதுரத்தின் இரு பக்கங்களை ஒட்டி 7 புள்ளிகளை வைத்தால் நான்குக்கு நான்கான சதுரம் கிடைக்கும். அதன் இரு பக்கங்களை ஒட்டி 9 புள்ளிகளை வைத்தால் ஐந்துக்கு ஐந்தான சதுரம் கிடைக்கும். இவ்வளர்ச்சி எங்கும் தடைபடுவதில்லை.

நடுவரிசையில் 21 புள்ளிகள் இருந்தால் மேலிருந்து நடுவரிசை வரை 11 வரிசைகள்; கீழே 10 வரிசைகள். 121ஐயும் 100ஐயும் கூட்டினால் 221 புள்ளிகள். கோலமாவைக் கையில் எடுக்குமுன்பே விடை தெரிந்துவிடுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் 1970களில் கோலங்களைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்தனர். சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோல வடிவங்களுக்கும் விதிகளால் ஆகிய இலக்கணம் வகுக்க இயலும் என்று அவ்வாய்வுகள் காட்டின. கோலமிடும் கைகள் தலைமுறை தலைமுறையாகப் பொதுவிதிகளைக் காத்துவந்துள்ளன. அவ்விதிகளை வகுப்பறைக்குக் கொண்டுவருவதற்குச் செலவு ஏதும் இல்லை.

எழுத்தின் இடம்

இவ்வாறு கூறுவதால் எழுத்துக் குறியீடு தேவையற்றது என்று ஆகாது. மனித இனம் அதனை அடைந்த வரலாறே அதன் அருமையைக் காட்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல்லிலிருந்தே இயற்கணிதத்தின் ஐரோப்பியப் பெயர் பிறந்தது. அந்நூலில் குறியீடு ஒன்றுகூட இல்லை. எண்களும் சொற்களாலேயே எழுதப்பட்டன. பிரான்சு நாட்டின் வியத், 1591இல் வெளியிட்ட நூலில் அறியாத அளவுகளுக்கு உயிரெழுத்துகளையும் அறிந்த அளவுகளுக்கு மெய்யெழுத்துகளையும் பயன்படுத்தினார். 1637இல் தெக்கார்த், அறியாதவற்றுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளை வழங்கினார். அல்-குவாரிஸ்மியிடமிருந்து தெக்கார்த் வரை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள். அந்த நெடும்பயணத்தைப் பதினொரு வயதுக் குழந்தை ஒரே பாடவேளையில் கடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

குழந்தை வரலாற்றை முழுவதும் திரும்ப நடக்க வேண்டியதில்லை. ஆயினும், சொல் முந்தியது, எழுத்து பிந்தியது என்னும் வரிசைக்கு மதிப்பளிக்கலாம். சொல்லால் சொல்லிச் சொல்லி நீளும்போது சுருக்கம் தேவைப்படுகிறது. படிகளின் எண்ணிக்கையைப் ‘ப’ என்று கொண்டால், ஒருவரது விதி 3ப + 2 ஆகிறது. மற்றவரது விதி ப + 2(ப + 1) ஆகிறது. இரண்டும் ஒன்றே என்பதை இப்போது ஒரே வரியில் காட்டிவிடலாம். சொற்களால் இதனைக் காட்ட ஒரு பத்தி வேண்டும். இந்த நிலையில் வரும் எழுத்து சுமையாவதில்லை. சுமையைக் குறைக்க வந்த கருவியாகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘ப’ என்பது படியைக் குறிக்கவில்லை. படிகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. ‘ஆ’ என்றால் ஆப்பிள், ‘வா’ என்றால் வாழைப்பழம் என்று எளிமைக்காகச் சொல்லித் தரும் வழக்கம் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. இங்கிலாந்தில் கூக்மன் 1981இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர் பலர் எழுத்தை எண்ணாகக் கருதாமல் பொருளாகவே கருதுவதை எடுத்துக்காட்டியது. அமெரிக்காவில் பொறியியல் பயிலும் மாணவர்களிடம் 1980ஆம் ஆண்டையொட்டி ஒரு வினா எழுப்பப்பட்டது. ‘ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர், இதனைச் சமன்பாடாக எழுதுக’ என்பது அவ்வினா. மாணவர் எண்ணிக்கையை ‘மா’ என்றும், பேராசிரியர் எண்ணிக்கையைப் ‘பே’ என்றும் கொண்டால், மா = 6பே என்பதே சரி. கணிசமானோர் 6மா = பே என்று எழுதினர். ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று சொற்களின் வரிசையை அப்படியே பெயர்த்ததன் விளைவு இது. எழுத்து வந்தபின் எண்ணம் தானாக வந்துவிடும் என்னும் நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு இதுவே சான்று.

ஏமாற்றும் ஒழுங்குகள்

ஒழுங்கைக் கண்டவுடன் விதி என்று முடிவுகட்டுவதும் ஆபத்தானது. ஒரு வட்டத்தின் மீது புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்றவை அனைத்துடனும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். எந்த மூன்று கோடுகளும் வட்டத்தினுள் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. 1 புள்ளி என்றால் வட்டத்துக்குள் 1 பகுதி. 2 புள்ளிகளுக்கு 2 பகுதிகள். 3 புள்ளிகளுக்கு 4. 4 புள்ளிகளுக்கு 8. 5 புள்ளிகளுக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு 32 என்றே எவரும் எழுதுவர். வரைந்து எண்ணினால் 31தான் கிடைக்கும்.

மாபெரும் மேதைகளும் இவ்வாறு சறுக்கியுள்ளனர். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்னும் எண்களைக் கண்டார். இரண்டோடு ஒன்றைக் கூட்டினால் 3. இரண்டின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 5. அவ்வர்க்கத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 17. இவ்வாறு அமையும் இவ்வைந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் நம்பினார். 1732இல் ஆய்லர், அடுத்த எண்ணாகிய 4294967297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார்.

இந்த ஏமாற்றங்கள் பொதுமைப்படுத்தலைக் கைவிடச் சொல்லவில்லை, ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்கின்றன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் அறிந்த பழமொழி. ஒரு பருக்கையைக் கொண்டு பானை முழுவதையும் மதிப்பிடுவது எவ்வாறு சரியாகும்? அரிசி எல்லாம் ஒரே உலையில், ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தது என்பதே அதற்குக் காரணம். அக்காரணம் இல்லாத இடத்தில் அம்முடிவும் செல்லாது. ஏணியின் விதி ஆயிரமாவது படிக்கும் பொருந்துவது, எண்கள் அப்படி அமைந்துவிட்டதனால் அன்று. ஒவ்வொரு படியும் மூன்று குச்சிகளைக் கொண்டே கட்டப்படுகிறது என்பதால்.

காரணம் கேட்கும் இப்பழக்கம் கணக்கு ஏட்டோடு நிற்பதில்லை. ஓர் ஊரைச் சேர்ந்த இருவரைக் கண்டுவிட்டு, ‘அவ்வூரார் எல்லாரும் இப்படித்தான்’ என்பதும் ஒரு பொதுமைப்படுத்தலே. ஒரு சமூகத்தைப் பற்றியும், ஒரு மொழி பேசுவோரைப் பற்றியும் இத்தகைய தீர்ப்புகள் நாள்தோறும் சொல்லப்படுகின்றன. இரண்டு எடுத்துக்காட்டுகளிலிருந்து எல்லாருக்கும் தாவும்போது நடுவில் உள்ள ‘ஏன்’ விடுபட்டுப் போகிறது. வட்டத்தின் ஆறாவது புள்ளியில் ஒருமுறை ஏமாந்து, காரணத்தைத் தேடிப் பழகிய மாணவர், மனிதரைப் பற்றிய முடிவுகளிலும் சற்றே நின்று யோசிப்பார் என்று நம்பலாம்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இவற்றுக்கெல்லாம் காலம் ஏது என்னும் கேள்வி எழும். பாடத்திட்டம் நீண்டது, தேர்வு நெருங்கியது, ஓர் ஏணிக்காக மூன்று பாடவேளைகளைச் செலவிட இயலுமா? இக்கேள்வியில் நியாயம் உண்டு. நாற்பது, ஐம்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் கண்ட வழியைக் கேட்டறிவது எளிதன்று. ஆனால், ஆறாம் வகுப்பில் மிச்சம் பிடிக்கும் மூன்று பாடவேளைகளுக்கு, எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பல மடங்கு விலை கொடுக்க நேர்கிறது. எழுத்து எதைக் குறிக்கிறது என்று அறியாதவருக்குச் சமன்பாடு, கோவை, சார்பு என ஒவ்வொரு பாடமும் புதிதாகத் தொடங்கும் துன்பமாகிறது. தொடக்கத்தில் செலவிடும் காலம் விதைநெல்லைப் போன்றது. அதனைச் சமைத்து உண்பது சிக்கனமாகாது.

செய்ய வேண்டியவை அரியனவும் அல்ல. அடுத்த எண்ணைக் கேட்கும் இடத்தில் நூறாவது எண்ணையும் கேட்கலாம். விதியை முதலில் மாணவர் தம் சொந்தச் சொற்களில் சொல்லவும் எழுதவும் இடம் தரலாம். அதற்கு மதிப்பெண்ணும் தரலாம். ஒருவர் ஒரு வழியில் விடை கண்டபின், ‘வேறு எவ்வாறு பார்க்கலாம்?’ என்று வகுப்பைக் கேட்கலாம். தவறான விடையை அழிக்கும் முன்பு, அது எங்கிருந்து வந்தது என்று தேடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு விதிக்கும் ‘இது ஏன் எப்போதும் உண்மை?’ என்னும் வினாவைத் தவறாமல் எழுப்பலாம். இவற்றுக்குப் புதிய கருவிகள் வேண்டா; கேள்வியை மாற்றினால் போதும். தமிழில் எண்ணி, தமிழில் விதி கூறி, பின்பு குறியீட்டில் எழுதும் மாணவருக்கு மொழிப்பாடமும் கணிதப்பாடமும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

கணக்கு சிலருக்கே வரும் என்னும் எண்ணமும் போதிய காரணமின்றிச் செய்த ஒரு பொதுமைப்படுத்தலே. பேசக் கற்ற குழந்தைகள் அனைவரும் பொதுவிதி காணக் கற்றவர்களே என்பது அதற்கு எதிரான சான்று. அரிசி அளக்கும் வீட்டிலும் கோலமிடும் வாசலிலும் எத்தனையோ அத்தனை என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இயற்கணிதம் அயல்மொழியன்று. அந்நாவைப் பேசவிட்டு, அப்பேச்சைச் செவிமடுத்து, அதன்பின் எழுத்தைக் கையில் கொடுக்கும் வகுப்பறையில், கணக்கை விட்டு விலகும் மாணவர் குறைவர். விலக விரும்புவோரும் அச்சத்தால் விலகாமல், தம் விருப்பத்தால் வேறொரு துறையைத் தேர்ந்து செல்வர்.